மறந்தவர் பொருளும் மறவாதார் கடமையும்

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையும் ஒன்று. கள்ளாமை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கன்னக்கோலும் இருளும் பூட்டுடைத்தலுமே. 'நம் குடியில் அவ்வாறு செய்வார் எவர் உளர்? ஆதலின் இவ்விரதம் நமக்கு எளிது' என்று நாம் அமைதி கொள்கின்றோம். ஆனால் சமந்தபத்ர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு வகுத்த எல்லை மிக நுண்ணியது. பிறர் ஓரிடத்தில் வைத்த பொருளையும், தவறி விழுந்த பொருளையும், அடியோடு மறந்துவிட்ட பொருளையும், உரியவர் கொடாதிருக்கத் தான் எடுத்துக்கொள்ளாமையும், எடுத்துப் பிறர்க்குக் கொடாமையும் கள்ளாமை என்பது அவர் கருத்து. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைப் பயின்ற நம் வீட்டுப் பெரியோர் இதனை நன்கு அறிவர்.

மறந்த பொருள் என்றால் முற்காலத்தில் சத்திரத்துத் திண்ணையில் விட்டுச் சென்ற பணமுடிப்பு என்று கொள்ளலாம். உரியவர் திரும்பி வருவார், கேட்பார், பெற்றுச் செல்வார். இக்காலத்திலோ மனிதர் ஆயுள் நீண்டுள்ளது. ஆயுளோடு முதுமை மறதி நோயும் நம் இல்லங்களில் புகுந்துள்ளது. இந்நோய் உற்றவர் பொருளை வைத்த இடத்தை மட்டும் மறப்பதில்லை. அப்பொருள் தமது என்பதையும், அது எவ்வளவு என்பதையும், நேற்றுக் கொடுத்ததையும் மறக்கின்றார். அத்தகையவர் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தால், அது கொடுத்த பொருளா, கொடாத பொருளா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலியும் நம் முதியோரும்

இவ்வினா எல்லா ஊர்க்கும் பொதுவாயினும், நெய்வேலி போன்ற ஊரில் இது கூர்மை பெறுகின்றது. 1956-ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றி, 1957-இல் பண்டித நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட காலம் தொட்டு, பல மாவட்டத்து மக்களும் வேலை நாடி அங்கு வந்து குடியேறினர். அவர்களுள் நம்மவரும் உண்டு. வட்டம் வட்டமாக வகுத்த அந்நகரியத்தில் குடியிருப்பு நிறுவனத்திற்கு உரியது. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைத்து வெளியேற வேண்டும். ஒரே காலத்தில் பணியும் போகின்றது. பல ஆண்டு பழகிய வீடும் அண்டை அயலும் போகின்றன. சேமநல நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. சிலர் மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் வடலூரிலும் வீடு கட்டி அமைகின்றனர். பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பணம் உண்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்பதே பல முதியோரின் நிலை.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இஃது எந்தக் குடும்பத்தின் வரலாறும் அன்று. எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடியது. சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர் மறைந்தபின், எழுபத்தெட்டு வயதான அவர் மனைவி தனியே வாழ்கின்றார். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். அம்மையாரின் தம்பி மகன் அடுத்த தெருவில் இருக்கின்றார். மருந்து வாங்குபவர் அவர். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் அவர். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்கத் துணை நிற்பவரும் அவரே. ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருக்கின்றது. அம்மையாருக்கு மறதி மிகுகின்றது. விடுமுறையில் வந்த மகள் வங்கிப் புத்தகத்தைப் பார்க்கின்றார். மாதம் நாலாயிரம் எடுத்த கணக்கில் இப்போது பதினைந்தாயிரம் எடுக்கப்படுகின்றது. ஒரு வைப்புத் தொகை முதிர்வுக்கு முன்னரே முறிக்கப்பட்டிருக்கின்றது. கேட்டால், "அத்தை தாமே கையெழுத்திட்டுக் கொடுத்தார், வேண்டுமானால் அத்தையையே கேளுங்கள்" என்கின்றார் மருமகன். அம்மையாரோ, "ஆமாம், நான்தான் கொடுத்தேன் போலிருக்கிறது" என்கின்றார். மறுநாள், "நான் எதுவும் கொடுக்கவில்லையே" என்கின்றார்.

இவ்விடத்தில் அறம் யாது?

கொடுத்தல் என்பது யாது?

கை நீட்டுவதும் கையெழுத்திடுவதும் மட்டுமே கொடுத்தல் ஆகா. இது இன்னது, இன்னார்க்குக் கொடுக்கின்றேன், கொடுத்தபின் எனக்கு எஞ்சுவது இவ்வளவு என்னும் அறிவு உடன் நிற்றல் வேண்டும். அவ்வறிவு இன்றி நிகழ்வது கை அசைவே; தானமும் அன்று, பரிசும் அன்று. நாட்டுச் சட்டமும் இதற்கு மாறன்று. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்பவர் அதனைப் புரிந்துகொண்டு, தம் நலத்திற்கு அதனால் விளைவதை எடைபோடும் ஆற்றல் உடையவராயிருத்தல் வேண்டும் என்கின்றது. 16-ஆம் பிரிவு, முதுமையாலோ நோயாலோ மனவலிமை குன்றியவரிடம் ஒப்பந்தம் செய்துகொள்பவரை, அவர்தம் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் உள்ளவராகவே கருதுகின்றது.

நம் ஆசாரியர்கள் இதனினும் ஆழ்ந்து சென்றுள்ளனர். வாய்மை விரதத்திற்கு நேரும் அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல் என்பது அதன் பொருள். தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் இதற்குத் தரும் விளக்கம் வியப்புக்குரியது. ஒருவர் பொன் முதலியவற்றை நம்பி ஒப்படைத்துச் செல்கின்றார். பின்னர் எண்ணிக்கையை மறந்து, வைத்ததினும் குறைத்துக் கேட்கின்றார். வைத்திருப்பவர் 'அவ்வளவே' என்று இசைந்து, கேட்ட அளவை மட்டும் கொடுத்துவிடுகின்றார். அந்த இசைவே நியாசாபகாரம்.

இதில் பூட்டை உடைத்தவர் இல்லை, வற்புறுத்தியவர் இல்லை. உரியவர் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தாயிற்று. ஆயினும் விரதம் குன்றியது. ஏன்? ஒருவர் மறந்துவிட்டார் என்பதை அறிந்த மற்றவர், அம்மறதியைத் தமக்கு ஊதியமாக்கிக் கொண்டார். இக்குற்றம் கள்ளாமையின்கீழ் வையாது வாய்மையின்கீழ் வைக்கப்பட்டதன் நயத்தையும் எண்ணுதல் வேண்டும். மறந்தவரிடத்து உண்மை அறிந்தவர் ஒருவரே எஞ்சி நிற்கின்றார். அவரும் வாய் மூடினால் உண்மைக்கு வேறு சான்று இல்லை.

ஆகவே, முதியவர் ஒருவருக்கு நினைவு தளரத் தொடங்கிய நாள்முதல் அவர்தம் பொருள் அனைத்தும் சுற்றத்தார் கையில் அடைக்கலப் பொருள் ஆகிவிடுகின்றது. யார் கையில் அட்டை உண்டோ, யார் கையில் சாவி உண்டோ, அவர் அதற்குக் காவலர். 'அவரே கொடுத்தார்' என்பது அக்காவலர்க்குச் சமாதானம் ஆகாது. 'அவர் நன்னினைவோடு இருந்த காலத்தில் இதனைக் கொடுத்திருப்பாரா? இன்று அறிந்தால் உவப்பாரா?' என்பதே அவர் தம்மைத்தாமே கேட்க வேண்டிய வினா.

நோயின் இயல்பு

அறுபது வயது கடந்த இந்தியருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. பணத்தைக் கையாளும் திறன் இந்நோயில் முன்னதாகவே பழுதுறுகின்றது. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் இன்னதெனக் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, கட்ட வேண்டிய தொகைகளைத் தவணை தவறவிடுதல் தொடங்கிவிடுவதைக் காட்டிற்று. அஃதாவது, 'அம்மா நன்றாகத்தானே பேசுகிறார்' என்று பிள்ளைகள் எண்ணியிருக்கும் காலத்திலேயே இடர் நுழைந்துவிடுகின்றது.

இரண்டு செய்திகள் நம் குடும்பங்கட்குச் சிறப்பாக உரியன. மறதி அனைத்தும் தீராத நோய் அன்று. தைராய்டுக் குறைவாலும் மனச்சோர்வாலும் பி12 என்னும் வைட்டமின் குறைவாலும் நினைவு மங்கலாம். இவை மருத்துவத்தால் சீர்படத் தக்கவை. புலால் உண்ணாதாரிடத்துப் பி12 குறைவு மிகுதியாகக் காணப்படுவதால், நம் முதியோர்க்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் 'வயதாகிவிட்டது' என்று கைவிடல் தகாது. மற்றொன்று, 'என் பணத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று குறை கூறுவதே இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. தாமே மறைத்து வைத்த வளையலைத் தேடிக் காணாது, பெரும்பாலும் அருகில் நின்று பணிசெய்பவரையே அவர்கள் ஐயுறுகின்றனர்.

இங்கு நம் சமயக் கொள்கை ஒன்றும் நினைவிற்கு வர வேண்டும். அறிவு உயிரின் குணம். ஞானாவரணீய வினை அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. ஆதலின் நினைவு தளர்ந்த முதியவர் உயிருள்ள பொருள்மூட்டை அல்லர். அறிவு மறைந்து நிற்கும் ஓர் ஆன்மா. அவர் எதிரிலேயே அவரை இல்லாதவர்போல் கருதிச் சொத்துப் பேசுதல் இம்சையே ஆகும்.

ஐயமும் ஒரு பொறுப்பே

காவலர் கடமையைக் கண்டோம். ஐயுறுவோர் கடமையையும் காண்போம். சமந்தபத்ரர் வாய்மை விரதத்திற்கு உரைத்த அதிசாரங்கள் ஐந்தனுள் பொய்யாவணம் எழுதுதலும் அடைக்கலப் பொருளைக் கவர்தலும் இடம்பெறுகின்றன. அதே பட்டியலில் பிறர் மறைவை வெளிப்படுத்துதலும் கோள் சொல்லுதலும் இடம்பெறுகின்றன. எடுப்பவரையும் தூற்றுபவரையும் ஆசாரியர் ஒரே வரிசையில் நிறுத்தினார். ஐயத்தை மெய்ப்பிக்கு முன்னரே உறவினர் இல்லந்தோறும் தொலைபேசியில் பரப்புபவர் தம்மை வாய்மைக் காவலர் என்று எண்ணிக்கொள்ளலாகாது.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் பதினைந்தாயிரம் எங்கே சென்றது? புதிய மருந்துகள் சேர்ந்திருக்கலாம். இரவுத் துணைக்கு ஒரு பெண் அமர்த்தப்பட்டிருக்கலாம். உண்மையிலேயே கவரப்பட்டும் இருக்கலாம். அநேகாந்தம் இங்கு நமக்குக் கற்பிப்பது, ஒரு பக்கம் மட்டும் கண்டு முடிவு கட்டாதே என்பது. பெங்களூரிலிருந்து நோக்குபவர் கணக்கைக் காண்கின்றார். இரவு மூன்று மணிக்கு எழுந்து கதவைத் திறந்து வெளியேறும் அத்தையை அழைத்து வருபவர் உழைப்பைக் காண்கின்றார். இரண்டும் மெய். ஆயினும் அநேகாந்தத்தை முடிவு காணாமைக்கு மறைவிடமாகக் கொள்ளுதலும் தவறு. பல பக்கங்களையும் கண்டபின் உள்ளது உள்ளவாறு கூறுதலே அதன் பயன்.

எனவே முதற்செயல் குற்றச்சாட்டு அன்று, வினாவே. பிள்ளைகள், மருமகன், நடுநின்ற பெரியவர் ஒருவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, ஓராண்டுக் கணக்கை வரிவரியாகப் பார்த்தல் வேண்டும். இனிமேல் வரவும் செலவும் ஒரு ஏட்டில் எழுதப்பட்டு, மாதந்தோறும் எல்லார்க்கும் காட்டப்பட வேண்டும். நேர்மையாளர்க்கு இது கவசம், அல்லாதார்க்கு வேலி. பணிவிடை செய்பவர்க்கு உரிய தொகையை வெளிப்படையாகப் பேசி மாதந்தோறும் கொடுத்துவிடுதலும் அறமே. ஒருவரது உழைப்பைப் பல ஆண்டு இலவசமாகப் பெற்றுக்கொண்டு, அவர் கை நீளும்போது மட்டும் விழித்துக்கொள்ளுதல் நீதியாகாது. உழைப்பும் பிறர் பொருளே அன்றோ?

உறவு வாய்மூடச் சொல்லுமா?

கணக்குக் கேட்டும் விடை வாராதபோது, அல்லது விடை பொய்யாகும்போது, 'நம் இரத்தம். ஊர் சிரிக்கும்' என்று அடங்கிவிடுதல் முறையா? உலகறிந்த ஒரு வழக்கு இங்கு நினைத்தற்குரியது. நியூயார்க் நகரில் பெரும் அறக்கொடையாளராக விளங்கிய புரூக் ஆஸ்டர் அம்மையார் முதுமையில் மறதி நோயுற்றார். அவர்தம் செல்வத்தை நிருவகித்தவர் ஒரே மகனான ஆந்தொனி மார்ஷல். 2006-இல், அம்மையாருக்கு 104 வயதானபோது, பேரன் பிலிப் மார்ஷல் தம் தந்தைக்கு எதிராகவே நீதிமன்றம் சென்றார். அம்மையார் 2007-இல் மறைந்தார். 2009-இல் மகன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. விருப்ப ஆவணத்தில் கையெழுத்தைப் போலியாக இட்ட குற்றத்திற்காக ஒரு வழக்கறிஞரும் உடன் தண்டனை பெற்றார்.

அவ்வழக்கில் நாம் கொள்ள வேண்டிய பாடம் தண்டனை அன்று. பேரன், 'பாட்டியின் பொறுப்பை என்னிடம் தருக' என்று கேட்கவில்லை. பாட்டியின் நெடுநாள் தோழி ஒருவரையும், பணத்திற்கு ஒரு வங்கியையும் காப்பாளராக நியமிக்க வேண்டினார். காக்க முன்வருபவர் தம் கை தூயதென்று காட்டும் வழி அதுவே. ஒருவர் கையிலிருந்து பிடுங்கித் தம் கையில் வைத்துக்கொள்ளுதல் காவல் ஆகாது. கை மாற்றமே ஆகும்.

சட்டம் தரும் துணை

நம் நாட்டில் இதற்கான சட்டவழி நேரானதாக இல்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று. பலரும் நம்பியிருக்கும் பொது அதிகாரப் பத்திரம், அதனைக் கொடுத்தவர் மனநிலை திரிந்தவுடன் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி செயலற்றுப் போகின்றது. மிகத் தேவைப்படும் காலத்தில் அது உதவாது. மனநோயாளரின் சொத்துக்கு நிருவாகியை நியமிக்க 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வழி செய்திருந்தது. அதற்கு மாற்றாக வந்து 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அவ்வழி இல்லை. அதனால் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியுள்ளது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், உணர்விழந்து கிடந்த ஒருவரின் சொத்தை விற்க அவர் மனைவிக்கு அனுமதி அளித்தது. ஆயினும் அத்தொகையில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்புநிதியாக இடச் செய்தது. அடைக்கலப் பொருள் என்னும் கருத்து இங்கும் ஒளிர்கின்றது.

2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, காப்போம் என்று சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டவரிடமிருந்து அதனை மீட்க வழி தருகின்றது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அந்நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இல்லாவிடினும், அன்பும் பரிவும் கருதிக் கொடுத்த கொடையில் அஃது உள்ளடங்கியதே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியது. உடனடி ஆலோசனைக்கு 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உண்டு.

நாமினி பற்றியும் ஒரு சொல். வங்கி வைப்புத் தொகைக்கு நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் அப்பணத்திற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உரியவர்கட்காகப் பெற்று வைத்திருப்பவரே அவர் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. நம் ஆசாரியர் மொழியில் கூறின், நாமினி என்பார் நியாசம் வைக்கப்பட்டவர்.

ஆயினும் இவையெல்லாம் பிந்திய மருந்துகள். நினைவு தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதி இரு சாட்சியர் முன் கையெழுத்திடுதலும், கணக்கு விவரங்களைப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒருசேரத் தெரிவித்தலும், வீட்டுச் செலவுக்கு ஒரு சிறு கணக்கும் சேமிப்புக்கு வேறொரு கணக்கும் வைத்தலும் முந்திய மருந்துகள். பரிக்கிரக பரிமாணம் என்னும் விரதம் பொருளுக்கு அளவு செய்க என்கின்றது. அளவு செய்தவர்க்கே தம்மிடம் உள்ளது இவ்வளவு என்று தெரியும். அதனைப் பிறர்க்குத் தெரிவிக்கவும் இயலும்.

காவலின் எல்லை

காக்கின்றோம் என்ற பெயரில் முதியவரின் கையில் ஒரு காசும் இல்லாமற் செய்தல் மற்றொரு கவர்தல். வாழ்நாளெல்லாம் பேரப்பிள்ளைகட்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தவர், வாயிலில் வந்து கேட்பவர்க்கு இல்லையென்னாதவர், இன்று தம் மகனிடம் பத்து ரூபாய்க்குக் கையேந்தி நிற்றல் ஆகாது. இழந்தால் வருந்தத் தேவையற்ற ஒரு சிறு தொகை எப்போதும் அவர் கைப்பையில் இருக்கட்டும். அதில் இருமுறை கொடுத்தாலும், எங்கோ வைத்து மறந்தாலும் கணக்குக் கேட்க வேண்டா. பெருந்தொகைக்கு வேலி, சிறுதொகைக்கு உரிமை.

இறுதியாக, நமக்கே கசக்கக்கூடிய ஒன்றையும் கூறாது விடல் தகாது. நினைவு தளர்ந்த முதியவர் ஜினாலயத் திருப்பணிக்கோ பஞ்ச கல்யாணத்திற்கோ பெருந்தொகை அளிக்க முன்வருகின்றார் எனக் கொள்வோம். பெறுபவர் உறவினர் அல்லர், கோயில். நோக்கமும் நல்லது. ஆயினும் வினா மாறவில்லை. கொடுத்தல் என்பதற்கு வேண்டிய அறிவு உடன் நின்றதா? சென்ற மாதமும் அவர் இதற்கே கொடுத்தாரா? அவர் மருந்துக்கு எஞ்சுவது யாது? இவற்றை வினவி, வேண்டின் அவர்தம் மக்களைக் கலந்து, ஐயமெனில் அன்போடு திருப்பிக் கொடுக்கும் நிருவாகக் குழுவே தூய தானத்தைப் பெற்றதாகும். மறந்தவர் பொருளை அறத்திற்காக எடுத்தாலும் அது கொடாத பொருளே. எடுத்துப் பிறர்க்குக் கொடுத்தலையும் ஆசாரியர் விலக்கினார் என்பதை மறவாதிருப்போமாக.

வினாவுக்கு விடை இதுவே. நினைவுடையவர் கொடுத்தது கொடை. நினைவு அற்றவர் கொடுத்தது அடைக்கலம். கொடையைப் பெற்றவர் நன்றியோடு துய்க்கலாம். அடைக்கலத்தைப் பெற்றவர் எண்ணி வைத்து, எழுதி வைத்து, கேட்பார் இல்லாத போதும் முழுமையாகத் திருப்பித் தருதல் வேண்டும். நம்மைப் பெற்று வளர்த்தவர்கள் இனி எதையும் எண்ணிப் பார்க்க இயலாத நிலையை எய்தும்போது, அவர்கட்காக எண்ணுவது நம் கடன். அவ்வெண்ணிக்கையில் ஒரு காசும் குறையாதிருக்க நம் இல்லங்கள் விழிப்போடு இருக்குமாக.